மாக்கோலம் போட்ட பிட்ச்

ஆடுகளத்தைக் குறை சொல்லாமல் தோற்ற ஆண்பிள்ளையை என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் என் தாய்மாமன். மற்றவர்களுக்கெல்லாம் ஜெயித்தால் தரை பளிங்கு, தோற்றால் அதே தரை பன்றி கிளறிய சேறு. இதில் சேப்பாக்கம், கொரட்டூர் என்ற பேதமே கிடையாது.

வெள்ளைக்காரர்கள் சேப்பாக்கத்துக்கு வந்து டெஸ்ட் ஆட்டம் ஆடிவிட்டுப் போன சமயம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அம்பத்தூரில் ரயிலேறிப் போய் ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நம்மவர்கள் தோற்றார்கள். உடனே ஊர் இரண்டு கட்சியானது. புல்தரை பந்தைக் கண்டபடி திருப்பிவிட்டது, கயிற்று விரிப்பு போட்டிருந்தால் நாம்தான் ஜெயித்திருப்போம் என்றது ஒரு கட்சி. விரிப்பே ஏமாற்று வேலை, ஆண்மையுள்ள ஆட்டம் தரையில்தான் என்றது இன்னொன்று. ஏற்றம் இறைக்கும்போதும் இதே பேச்சு, முகம் மழிக்க உட்கார்ந்தாலும் இதே பேச்சு. தரைக் கட்சிக்கு நைனா தலைவர். அதற்கு அவருக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தென்னங்கயிற்று விரிப்பை இழுத்து ஆணியடித்து அதன்மேல்தான் கிரிக்கெட் ஆடுவார்கள். விரிப்பு விறைப்பாக இருந்தால் பந்து சீறிக்கொண்டு வரும். இளகியிருந்தால் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். எங்கள் கொரட்டூருக்கும் பூந்தமல்லிக்கும் பொதுவாக ஒரே ஒரு விரிப்பு. கோடையில் இரண்டு ஊருக்கும் ஒரு ஆட்டம் நடக்கும். ஜெயித்த ஊர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போகும், தோற்ற ஊர் அடுத்த கோடை வரை கட்டாந்தரையில் முட்டியைப் பேர்த்துக்கொள்ளும். முந்தின ஆண்டு பூந்தமல்லியில் ஆடியபோது நைனா முதல் பந்திலேயே அவுட். சாப்பாட்டு வேளையில் ஆணியைத் தளர்த்திவிட்டார்கள் என்று மைதானமே அதிரக் கத்தினார். தளர்த்தியதாக அவர் கைகாட்டியது யாரை என்றால், பாரிவாக்கத்திலிருந்து வந்து பூந்தமல்லி அணியில் ஆடிய அம்மாவின் தம்பியை.

“பந்து வந்ததே உனக்குத் தெரில மாமா. ஆணி இளகினது மட்டும் எப்டித் தெரிஞ்சிச்சி?” என்று மாமன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பந்தலே சிரித்தது.

அத்தோடு போக்குவரத்து நின்றது. பொங்கலுக்கு மாமன் சீர்வரிசை ஏற்றி வந்த வண்டியை நைனா தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார். அக்காளைப் பார்க்காமலே மாமன் போனார். பொங்கல் பானைக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா அழுததை நான் பார்த்தேன். புகை என்றாள். வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய பாரிவாக்கம், அந்த ஆண்டு அவளுக்கு ரங்கூனைவிடத் தூரமாகிவிட்டது.

அடுத்த கோடை ஆட்டம் எங்கள் ஊர் முறை. விரிப்பு பரிசாக ஓரத்தில் கிடக்கட்டும், ஆட்டம் தரையில்தான் என்று நைனா சொல்லியனுப்பினார். ஏரி வற்றிய பக்கமாக இடம் பார்த்து ஆண்கள் மண்ணைக் கொத்தி, நீர் தெளித்து, திமிசு போட்டு இடித்தார்கள். காய்ந்ததும் ஏரி மண் பாளம் பாளமாக வெடித்தது. மறுபடி இடித்தார்கள், மறுபடி வெடித்தது. கடைசியில், நெல் அடிக்கிற களத்தைப் பூசுகிற மாதிரி பூசிவிட்டால் போகிறது என்று நைனாவே வழி சொன்னார். களம் மெழுகுவது பெண்கள் வேலை. அம்மாவும் தெருப் பெண்களும் களிமண்ணையும் சாணத்தையும் கரைத்து நாள் கணக்கில் மெழுகினார்கள். நானும் கூடை சுமந்தேன். தரை தகடு போல் இறுகிவிட்டது.

ஆட்டத்தன்று விடியற்காலை கோடு போடச் சுண்ணாம்பு தேடினார் நைனா. மாவு கரைத்து நானே போட்டுவிடுகிறேன் என்று அம்மா கிண்ணத்தோடு கிளம்பிப் போனாள்.

பூந்தமல்லிக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். சாணம் மெழுகிய பிட்ச். இரண்டு முனையிலும் நேர்த்தியாக வெள்ளைக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் கொஞ்சம் முன்னால், கூடை அகலத்துக்கு ஒரு மாக்கோலம்.

“இன்னா அண்ணாத்தே, ஆட்டத்துக்குக் கூப்ட்டியா, நெல்லு அடிக்கக் கூப்ட்டியா?” என்றார் அவர்கள் தலைவர். பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அவர்.

நைனாவே கோலத்தை அப்போதுதான் பார்த்தார். “இன்னாடி இது?” என்று அம்மாவிடம் பாய்ந்தார்.

“மெழுகின தரைய வெறுமனே உட்டா சாவு ஊடு மாதிரி கீது. கை போன போக்குல போட்டுட்டேன்” என்றாள் அம்மா.

நடுவராக வந்திருந்த அம்பத்தூர் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி இரண்டு ஊரும் கூடிவிட்டது. சாணம் போடலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள் பூந்தமல்லிக்காரர்கள். “எரு போடாமலா சேப்பாக்கத்துல புல்லு மொளைச்சிது? அங்க மேல புல்லு, உள்ள சாணி. இங்க உள்ள மண்ணு, மேல சாணி. அவ்ளோதான்” என்றார் நைனா. ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து கட்டைவிரலால் தரையை அழுத்தினார், விரலை முகர்ந்து பார்த்தார், காய்ந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். கோலத்தை வேண்டுமானால் கழுவிவிடலாமே என்றார்.

துணிக்கடைக்காரர் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். “ஒரு ஊட்டுப் பொம்பள போட்ட கோலத்த அழிச்சிட்டு ஆட்ற அளவுக்கு நாங்க கெட்டுப் பூடல. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

எங்கள் ஊர் முதலில் மட்டை பிடித்தது. நம் வீட்டுக் கோலம்தானே என்று எங்கள் ஆட்கள் கூசாமல் மிதித்து ஆடினார்கள். ஏதோ மானத்தைக் காப்பாற்றுகிற அளவுக்கு ஓட்டம் சேர்ந்தது. இடைவேளையில் கோடுகளைப் புதுப்பிக்க அம்மா மறுபடி வந்தாள். கோடுகளோடு இரண்டு கோலத்தையும் இழைபிசகாமல் புதிதாகப் போட்டு, செம்மண் கரையும் கட்டிவிட்டுப் போனாள்.

பூந்தமல்லிக்காரர்கள் ஆட வந்தார்கள். விக்கெட்டுகள் விழுந்தன, ஆனால் மாமன் அசையவில்லை. முன்காலை நீளமாக எடுத்து வைத்து, பந்து விழும் இடத்துக்கே போய் விளாசுவதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆட்டம். அன்றைக்கு என்னவோ கோட்டைத் தாண்டவே இல்லை. பின்னால் நின்றபடி, குட்டையாக விழுந்த பந்துகளை மட்டும் வெட்டி வெட்டி ஓட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி விக்கெட்டும் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு நாலு அடித்தால் விரிப்பு மறுபடி பூந்தமல்லிக்குப் போய்விடும். நைனா பந்தைத் தானே வாங்கினார்.

மெதுவாக, உயரத் தூக்கிப் போட்டார். அடி என்று கெஞ்சுகிற பந்து. மாமனின் கால் தன்னையறியாமல் முன்னால் கிளம்பியது. அந்தரத்தில் அப்படியே நின்றது. கீழே அக்காள் போட்ட கோலம், மற்றவர்கள் கால் பட்டு ஓரம் கலைந்தும் ஈரம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. பாரிவாக்கத்து வீட்டில் சிறுவயதில் கோலத்தை மிதித்தால் அன்று சோறு கிடையாதாம். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசல் கோலத்தை ஒரே தாவாகத் தாண்டித்தான் உள்ளே வருவார். தூக்கிய காலை மாமன் பின்னால் இழுத்தார். பந்து உள்ளே புகுந்தது. நடு ஸ்டம்பு மல்லாந்து விழுந்தது.

ஏரிக்கரை முழுவதும் எழுந்து நின்று கூவியது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர் உலகத்தையே ஜெயித்த மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கியதும் நேராக மாமன் முன்னால் போய் நின்றார். சாணத்தைச் சொல்வானா, கோலத்தைச் சொல்வானா, எதைச் சொன்னாலும் பதில் சொல்லத் தயாராக மார்பை நிமிர்த்தியிருந்தார்.

“தரைல ஒரு கொறையும் இல்ல மாமா. நல்ல பந்து. நான்தான் கோட்ட உட்டுட்டேன்” என்றார் மாமன்.

ஓராண்டாகச் சேர்த்து வைத்திருந்த பதிலெல்லாம் நைனாவுக்கு வீணாகிவிட்டது. மீசையைத் தடவினார். தொண்டையைச் செருமினார். “வெயில்ல இன்னாத்துக்கு நின்னுகினு கீற? ஊட்டுக்கு வா மச்சான். சாப்ட்டுப் போலாம்” என்றார்.

விரிப்பை நாலு பேர் தூக்கி வர, மேளத்தோடு தெருவுக்குள் நுழைந்தோம். முன்னால் நான் குதித்துக்கொண்டு போனேன். வீட்டில் விரால் மீன் குழம்பு தயாராக இருந்தது. மாமனுக்கு உயிர் அது. நைனாவோ விராலைத் தொடமாட்டார். காலையிலேயே அம்மா அதை ஏன் ஒரு சட்டி நிறைய வைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சாப்பிட்டு முடித்து நைனா கைகழுவப் போன நேரத்தில் மாமன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “யக்கா, ஒரு சாண் அப்பால போட்டிருந்தா நான் அடிச்சிருப்பேன்.”

“தெரியும். நீ தோத்தா சிரிச்சிகினு வருவ. அவரு தோத்தா இன்னொரு வருசம் நான் உன்னப் பாக்க முடியாது. சாப்புட்றா” என்று அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். குழம்பில் காரம் அதிகம்போல என்று நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே கிளம்பி, எங்கள் நைனாவின் பந்துதான் பூந்தமல்லியைத் தோற்கடித்தது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாராவது வந்து கேட்டால் அம்மாவும் ஆமாம் என்றுதான் சொன்னாள்.