பர்வீன் அக்கா எங்கள் சமையலறையில் உட்கார்ந்த ஞாயிறு

செய்தி வந்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த சுமதி போன் செய்தாள். "பர்வீன் அக்கா மவுத்தாயிட்டாங்கடி. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றவள் மேலே பேச முடியாமல் அழுதாள். பஸ் இரைச்சலுக்குள் வேறு யாரோ அழுவதும் கேட்டது. நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? திறந்திருந்த வேலையை சேவ் செய்தேன். அக்கா பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். "அழுவறதுக்கு முன்னாடி சேவ் பண்ணு" என்பதுதான் எங்கள் டிசைன் செக்‌ஷனில் சேரும் எல்லோருக்கும் அவர் சொல்லும் முதல் வார்த்தை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவருடைய வேலை, அங்கிருக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஓட வைப்பது. விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் ஓட வைத்தார். அதை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. பர்தாவுக்கு மேல் ஹெல்மெட், கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரும் பள்ளிக்கூடத்து ரப்பரும், வாய் நிறையப் பேச்சு. ஸ்கூட்டர் சத்தத்துக்கு முன்பே அவர் சிரிப்புச் சத்தம் வந்துவிடும். ஆம்பூர்க்காரர் என்றதும் பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர்களிடம், "அத வுடுப்பா, களி இருக்குதா?" என்று கேட்பார். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இருந்தால் எங்கள் ஊர் மாதனூருக்கு மழையிலும் வருவார்.

அப்படி அவரை வரவழைக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. ஷூவின் மேல்பாகத்துக்குக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைந்து, அதைச் சின்ன அளவு பெரிய அளவு என்று மாற்றிக் கொடுப்பது என் வேலை. மகள் பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே செய்யச் சோதனையாகக் கொஞ்ச நாள் அனுமதித்தார்கள். "ஃபைல் டயத்துக்கு வரலைன்னா பஸ் ஏறிடும்மா" என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ் ஏறினால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வேலையை விடவேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் பாதி வேலையில் பொட்டென்று அணைய ஆரம்பித்தது. மறுபடி போட்டால் வரும், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி அணையும். கடைக்காரர் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே கீது" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அணைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்து, "தானா நின்னு போவுதுக்கா" என்றேன். "தானா எதுவும் நிக்காது செல்வி. நீயும் நானும்தான் எதையோ பாக்கல" என்றார். அந்த வாரமே வந்தார்.

முதலில் கரண்ட் மேல் பழி போட்டார். கம்ப்யூட்டரை வேறு பிளக்கில் மாட்டினார். "ஒண்ணு மாத்து, உக்காரு, வேடிக்கை பாரு. ரெண்ட ஒண்ணா மாத்துனா எதுன்னு தெரியாமப் பூடும்" என்று உட்கார்ந்துகொண்டார். அவர் இருந்தவரை கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக ஓடியது. அவர் ஸ்கூட்டர் தெரு திரும்பியது, இது அணைந்தது. அடுத்த முறை வந்தபோது மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் தேய்த்து மாட்டினார். மறுபடி அதே கதை. போனில் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டியிருக்கும். இவர் சந்தோஷப்பட்டார். "நான் சொன்னது தப்பா? ரொம்ப நல்லது. ஒண்ணு கழிஞ்சிச்சி!" என்றார். தான் தப்பு என்று தெரிந்ததும் இவ்வளவு குஷியாகிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் வேலு, வாஸ்து பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டுவைத்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்ததும் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. "நான் இருந்தா ஓடுது. நான் இல்லாதப்போ நிக்குது. அப்போ நான் இல்லாதப்போ இந்த வீட்ல இன்னா மாறுதோ, அதுதான் கோளாறு. நான் வரவே இல்ல, சரியா? உங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லிவிட்டு, என் மகளை மடியில் போட்டுக்கொண்டு சமையலறையில் அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தார். நான் வேலையை ஆரம்பித்தேன். வேலு குளித்துவிட்டு வந்தார், அக்கா அவரைக்காய் நறுக்குவதைப் பார்த்தார், பீரோவைத் திறந்தார், ஓர் உறையை எடுத்து வந்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு மாட்டி ஜிப்பை இழுத்தார்.

இந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலு ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைக்கிறவர்; கை சுத்தம். மகள் தவழத் தொடங்கியதும் பெட்டியின் ஓட்டைகளில் விரல் விடுகிறாள் என்று, வெட்டுத் துண்டு விற்கிற கடையில் நல்ல பழுப்புத் தோலாக வாங்கி, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, பெட்டிக்கு அளவெடுத்துச் சட்டை தைத்திருந்தார். சுவிட்சுக்கு மட்டும் ஒரு வழி. மெக்கானிக் யாராவது வந்தால் ஸ்க்ரூ டிரைவர் பட்டுத் தோலில் கீறல் விழும் என்று முன்கூட்டியே கழற்றி மடித்து பீரோவில் வைத்துவிடுவார். கடைக்குப் போனபோதும் அப்படித்தான் போனது. தினமும் பார்த்துப் பார்த்து, அப்படி ஒன்று இருப்பதே என் புத்தியில் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "யா அல்லா, இட்லிப் பானை மாதிரி கொதிக்குது!" அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து, பிறகு அதுவும் சிரித்தது. வேலு முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டு, உறையைக் கழற்றித் தையலை விரலால் தடவினார். "தம்பி, வேலைன்னா இது வேலை. ஆனா ஓடறப்போ அதுக்கு மூச்சு வேணும். தூங்கறப்போ போத்துங்க, போதும்" என்றார். பிறகு, "என் ஹெல்மெட்டுக்கு ஒண்ணு தச்சிக் குடுங்க" என்று சொல்லி அவர் முகத்தை மறுபடி மலர வைத்தார். அன்று மிஞ்சிய களி முழுவதையும் அவரே தீர்த்தார். எனக்கு அந்த வேலை நிலைத்தது; இன்றும் மகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்துதான் செய்கிறேன்.

அவர் போன சில வாரங்களுக்குப் பிறகு ஆம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் சமீனா ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறாள்; அம்மாவை 'அம்மி' என்பாள். "அம்மி போனதிலேர்ந்து எங்க கம்ப்யூட்டரும் தானா நின்னு போவுதுக்கா. அதுக்கும் துக்கம் போல" என்று பாதி விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு உடனே அந்த வாசகம் நாக்கில் வந்தது: "தானா எதுவும் நிக்காது சமீனா. நான் வரலன்னு நெனச்சிக்கோங்க." சமையலறையில் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

மதியம் கூடத்தில் சாப்பாட்டு விரிப்பு போட்டார்கள். இடம் வேண்டும் என்று சமீனாவின் அப்பா கம்ப்யூட்டர் மேசையைச் சுவரோடு ஒட்டத் தள்ளினார். சாப்பிட்டு எழுந்தார்கள். மேசை அங்கேயே நின்றது, பெட்டியின் காற்றோட்ட ஓட்டைகளெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு. டியூஷன் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

"எப்பவும் இப்படித்தான் தள்ளுவீங்களா?" என்று அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"எப்பவும்தான்" என்றார்.

"அப்புறம் யாரு திருப்பி இழுப்பாங்க?"

சமீனா யோசித்தாள். "யாரும்... இல்லக்கா, அம்மி. ரெண்டு கையிலயும் தட்டு வெச்சிக்கினு காலால இழுப்பாங்க. நடக்க வழிக்குன்னு நெனச்சேன்." வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று அப்போது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நான் அழுதேன், சேவ் செய்ய எதுவும் இருக்கவில்லை.

எழுந்து போய் மேசையைக் காலால் இழுத்துவிட்டேன். சமீனாவின் அப்பா சொன்னார்: "இன்னும் கொஞ்சம் இழும்மா. அவ அந்தக் கல்லு வரைக்கும் இழுப்பா."

அந்தத் தரைக்கல் வரைக்கும் இழுத்தேன். நான் கிளம்பும் வரை கம்ப்யூட்டர் நிற்கவில்லை. கிளம்பிய பிறகும் நிற்கவில்லை என்று சமீனா போன் செய்தாள்.

அக்காவைத் தெரிந்தவர்களே, உங்களிடம் அவருடைய என்னென்ன இருக்கிறதோ நானறியேன். என்னிடம் இருப்பது இதுதான்: யார் வீட்டில் எது நின்று போனாலும், நான் முதலில் சமையலறையில் போய் உட்காருகிறேன்.