மிளகுத் தோட்டத்துப் பளிங்கு

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் திகனப் பக்கம் களப்பயிற்சிக்குப் போனோம். பாறையின் அடுக்குப் படைகள் எந்தத் திசைக்கு ஓடுகின்றன, எவ்வளவு சரிந்திருக்கின்றன என்று திசைகாட்டியால் அளந்து, நிலவியல் வரைபடத்தை நாங்களே வரைய வேண்டும். அக்குறணையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் கல்லுக்குப் பின்னால் அலைகிறாளே என்று சொந்தக்காரர்கள் சிரித்த படிப்பு. அதனால் எனக்கு வீறாப்பு கொஞ்சம் அதிகம்.

முதல் இரண்டு நாளும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்னோடு சேர்ந்து அளந்த யாழ்ப்பாணத்துத் தோழிக்கு ஒரு திசை வந்தால், அதே பாறையில் எனக்கு இருபது பாகை தள்ளி வரும். என் அளவுகளை வைத்துக் கோடு போட்டால் பளிங்குப் பாறை மலையை விட்டிறங்கி நேரே கீழேயிருந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது. நாளைக்கும் இப்படியென்றால் நான் அளக்க வேண்டாம், கல் மாதிரிகளுக்குத் துண்டு எழுதி ஒட்டினால் போதும் என்று விரிவுரையாளர் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வெயில் தாங்காமல் ஹிஜாபைத் தளர்த்தி, நாடிக்குக் கீழே பூட்டியிருந்த காந்த வில்லையைக் கழற்றிக் குறிப்புப் புத்தகத்தின் மேல் வைத்தேன். ஊசி மாதிரித் துணியில் ஓட்டை விழாது என்று இப்போது எல்லாரும் வாங்குவது. எங்கள் கடைச் சரக்குத்தான். பக்கத்தில் திசைகாட்டி திறந்து கிடந்தது.

"இஞ்ச பாரடி," என்றாள் தோழி. "முள்ளு திரும்பி உன்ர காந்தத்தைப் பாக்குது."

இரும்பு கிட்ட இருந்தால் முள் விலகும், சுத்தியலை எட்ட வையுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நானும் சுத்தியலைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, கழுத்தில் காந்தத்தோடு ஒவ்வொரு பாறையிலும் குனிந்து முள்ளைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. பிறகு சிரிப்பு வந்தது. அதற்கும் பிறகுதான் என் கையில் பிழையில்லை என்பது உறைத்தது.

ஹிஜாபைப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு, முதல் நாள் பாறையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். தோழி முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். பளிங்கு ஒரு வயலோரம் வரைக்கும் தெரிந்தது. அதற்கப்பால் சேறு. மற்றவர்கள் வரைபடத்தில் போட்ட கோட்டை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். என் புதிய அளவுகளின்படி அது வயலுக்கு அடியால் போய் அந்தப் பக்கத்து மிளகுத் தோட்டத்தில் ஏற வேண்டும். அப்படியே வரைந்து நீட்டினேன்.

விரிவுரையாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, போய்ப் பார்ப்போம் என்றார். வகுப்பு முழுவதும் வயல் வரம்பில் வரிசையாக வந்தது. மிளகுக் கொடிகளுக்கிடையே பாசி பிடித்த பாறை ஒன்று கிடந்தது. உருண்டு வந்த கல்லல்ல, வேரோடு நிற்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொன்னார். சுரண்டிப் பொடியாக்கி ஒரு சொட்டு அமிலம் விட்டார். நுரைத்தது. பளிங்கேதான்! அப்போது வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இதன் திசையை நீங்களே அளந்து சொல்லுங்கள் என்று அவர் தன் திசைகாட்டியை என்னிடம் நீட்டினார். குனிந்து அளந்து சொன்னேன். யாரும் சரிபார்க்கவில்லை, எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.