மதராசி ஆடிய இரண்டு சுற்றுகள்

ஜனக்புரியில் மெட்ரோ ஏறி அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கைப்பேசியில் நாலு ஆட்டம் செஸ் ஆடிவிடுவேன். மூன்றில் தோற்பேன். நாலாவது, ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சிக்னல் அறுந்து, நேரம் தீர்ந்து தானாகவே தோற்கும். என் ஆட்டமுறை எளிமையானது. மூன்றாவது நகர்விலேயே ராணியை வெளியே அனுப்பிவிடுவேன். அவள் இரண்டு சிப்பாய்களைத் தின்றுவிட்டுச் செத்துப்போவாள். மீதி நேரமெல்லாம் துக்கம் அனுசரிப்பதுதான்.

வங்கி வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு செஸ் தெரியாது. "ஏங்க, யானை குதிரையெல்லாம் வீட்ல தூங்குது. அந்தப் பொம்பளைய மட்டும் வேலைக்கு அனுப்பிருக்கீங்க. நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றாள்.

மதிய இடைவேளையில் நான் ஆடுவதைப் பார்த்த எங்கள் பிரிவு அதிகாரி, ஜெயிக்கிறேனா தோற்கிறேனா என்று விசாரிக்கவில்லை. "மத்ராசி ஹை. கூன் மே ஹை" என்றார். மதராசி, ரத்தத்திலேயே இருக்கும் என்று அர்த்தம். துறைகளுக்கிடையிலான போட்டிக்கு என் பெயரை அனுப்பிவிட்டார். நான் பிறந்ததே தில்லியில். மெட்ராஸுக்கு மொத்தம் இரண்டு கல்யாணங்களுக்குத்தான் போயிருக்கிறேன். மறுத்துப் பார்த்தேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவும் ரத்தத்தில் இருக்குமாம்.

முதல் சுற்றில் எதிரே ஓர் இளம் எழுத்தர். என் நெற்றியிலிருந்த விபூதியைப் பார்த்ததுமே அவர் முகம் வெளுத்தது. நான் வழக்கம்போல ராணியை வெளியே விட்டேன். ஒரு சிப்பாயாலேயே அவளை வெட்டியிருக்கலாம். அவரோ இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று நெடுநேரம் யோசித்து, வெட்டாமல் விட்டார். அப்புறம் ராஜாவை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார். நான் தலையை லேசாக ஆட்டி ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்வது?

இரண்டாவது சுற்றில் ஒரு ஸ்டெனோ அம்மாள். ஓய்வுபெறும் வயது, சால்வைக்குள் வேர்க்கடலைப் பொட்டலம். என் ரத்தத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஆனால் என்னைக் கவிழ்த்தது மரப்பலகை. கைப்பேசியில் எல்லாக் காய்களும் தட்டையாகத் தெரியும். இங்கே ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன. மூலையிலிருந்த அவருடைய மந்திரி என் ராஜாவுக்கு செக் வைத்திருந்ததைக் கவனிக்காமல் ராணியை நகர்த்தினேன். கைப்பேசியாக இருந்தால் அந்தக் காய் அசையவே மறுத்திருக்கும். மரத்துக்கு அந்த அக்கறை இல்லை. செக்கைத் தீர்க்காமல் நகர்த்துவது விதிமீறல், இன்னொரு முறை செய்தால் தோல்வி என்று நடுவர் எச்சரித்தார். ஐந்து நிமிடம் கழித்து அதே மந்திரி, அதே தப்பு. நான் தோற்றதாக அறிவித்தார்கள்.

அந்த அம்மாள் ஒரு கை வேர்க்கடலை கொடுத்து, நான் மெட்ராஸா என்று இந்தியில் கேட்டார். ஜனக்புரி என்றேன். "அச்சா" என்றார், எல்லாம் புரிந்துவிட்டதுபோல. தோற்றதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இறுக்கமான சட்டையைக் கழற்றிய மாதிரி இருந்தது. கடலையைத் தின்றுகொண்டே படியிறங்கினேன்.

நடந்ததை அப்படியே அதிகாரியிடம் சொன்னேன். அவரோ, நடுவர் நிச்சயம் பொறாமை பிடித்த வங்காளியாக இருப்பார் என்றார். மறுநாள் அறிவிப்புப் பலகையில், நான் இரண்டாவது சுற்றுவரை முன்னேறியதைப் பாராட்டி ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் கிழிக்கவில்லை.