பிளாக் என்றால் பிடித்து வைப்பது

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோலார் தங்கவயல் சுரங்க ஆபீசில் பதினோரு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். அதில் ஒரு எழுத்து தமிழ் கிடையாது. தெரியாத இங்கிலீஷ் என்னை ஒன்றும் செய்யவில்லை, தெரிந்த இங்கிலீஷ்தான் கவிழ்த்துவிட்டது.

சுரங்கத்தை மூடிய பிறகு நானும் மனைவியும் பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். அவள் நர்ஸ். கொஞ்ச நாளிலேயே மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எனக்குக் கலாசிபாளையத்தில் வேலை, வேலூர், ஆரணிப் பக்கம் போகிற தனியார் பஸ்களுக்கு டிக்கெட் போடும் கவுன்டரில். அங்கே நாளெல்லாம் காதில் விழுவது ஒரே வார்த்தைதான். "அண்ணா, முன்னாடி ரெண்டு சீட்டு பிளாக் பண்ணி வையிங்க, அரை மணியில வந்துடறேன்." சார்ட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அப்புறம் மந்திரியே வந்து கேட்டாலும் அந்த சீட்டைக் கொடுக்க மாட்டேன். பிளாக் என்றால் ஒருவருக்காகப் பிடித்து வைப்பது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முதல் லீவில் வந்தபோது அவள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாள். போன் லைனிலேயே இன்டர்நெட். அது ஓடுகிற நேரம் போன் வராது. எனக்கென்று ஒரு இமெயில் திறந்து, பாஸ்வேர்டையும் அவளே போட்டாள். "நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம். பக்கத்தைத் திறந்தா தானா உள்ள போயிடும்" என்றாள். பாஸ்வேர்டு என்ன என்று நான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும் என்ற வீம்பு.

வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றியதும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்திருப்பாள். அதை வாய்விட்டுப் படிப்பேன். வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். சில நாள் அந்த வீட்டுக்குள் என் குரல் கேட்பதே அப்போது மட்டும்தான்.

நாலாவது வருஷம் முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை போன் செய்தாள். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு நான் போன் போட்டால் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். அவள்தான் கார்டு போன் இருக்கிற கடைக்கு வந்து பேச வேண்டும்.

"இன்னாங்க, கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஃபார்ம் குடுத்துருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இல்லன்னா கிளம்பி வந்துடலாம். இன்னா பண்றது?"

வா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. வந்துடறேன் என்று அவளாகச் சொன்னால் என்ன? புருஷன் வீட்டுக்கு வர என்னைக் கேட்க வேண்டுமா?

"உன் இஷ்டம்" என்றேன்.

"சரி, இமெயில்ல விவரமா லெட்டர் போடறேன். படிச்சிட்டு பதில் போடுங்க" என்று வைத்துவிட்டாள்.

போனை வைத்த கையோடு என்னை நானே திட்டிக்கொண்டேன். சரி, எழுதிவிடலாம் என்று ஒரு பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எட்டு வரி எழுதி ஏழு வரியை அடித்தேன். மிஞ்சியது ஒன்று. "வந்துடு. என்னால தனியா இருக்க முடியல."

அடித்து அனுப்பத்தான் கம்ப்யூட்டர் இல்லை. வைரஸ் புகுந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாக அணைந்துகொண்டிருந்ததால் ரிப்பேருக்குப் போயிருந்தது. ரிப்பேர்க்காரர் என் வயதுக்காரர், முன்பு டிவி மெக்கானிக், வீட்டில் கன்னடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து மாட்டினார். "இனிமே ஒரு பூச்சி உள்ள வராது சார். காவலுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டிருக்கு. ஏதாவது கேட்டா ஸ்வல்ப பார்த்து பதில் சொல்லுங்க" என்றவர், சொந்தக்காரர் கல்யாணம் என்று தும்கூர் பஸ் பிடிக்க ஓடினார்.

அவர் படி இறங்கியதும் நான் பக்கத்தைத் திறந்தேன். உடனே ஒரு பெட்டி குறுக்கே வந்தது. உங்கள் பிரௌசர் இன்டர்நெட்டுக்குப் போகப் பார்க்கிறது, என்ன செய்யலாம் என்று இங்கிலீஷில் கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று அலவ், இன்னொன்று பிளாக். அலவ் என்றால் கண்டவனும் ஏறி உட்காருவான், வைரஸ் வந்ததே அப்படித்தானே? பிளாக்கை அமுக்கினேன், எனக்காகப் பிடித்து வைக்கட்டும் என்று. எப்போதும் இப்படியே செய் என்று ஒரு கட்டம் இருந்தது. மகாராஜனாகச் செய் என்று அதிலும் டிக் போட்டேன்.

பக்கம் திறக்கவில்லை. காட்ட முடியவில்லை என்று வெள்ளைத் திரையில் ஒரு வரி வந்தது. டயல் ஆன நம்பர் தப்பில்லை, போன் ஒயரைச் செருகிய மோடம் பெட்டி வழக்கம்போலக் கத்தியது, இணைப்பு கிடைத்துவிட்டதற்கு அடையாளமாகத் திரை மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிரௌசருக்கு மட்டும் என்ன கேடு என்று புரியவில்லை.

சனிக்கிழமை கவுன்டருக்குப் போகாமல், விடிந்ததுமே அதன் முன்னால் உட்கார்ந்தேன். அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். பிரௌசரையே எடுத்துவிட்டு, சிடியிலிருந்து மறுபடி ஏற்றினேன். அதே வெள்ளை, அதே வரி. பிரௌசிங் சென்டருக்குப் போயிருக்கலாம், ஆனால் பாஸ்வேர்டு தெரியாதே. அப்புறம், கிடைத்த இணைப்பு போய்விட்டால் மறுபடி கிடைக்காதோ என்று சாப்பிடும்போதுகூட நான் அதைத் துண்டிக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் மினுங்கியபடியே இருந்தன. ஒரு தடவை மானிட்டரைக் கையால் தட்டி, "அவ லெட்டர் உள்ள இருக்குது, குடுத்துத் தொலையேன்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ரிப்பேர்க்காரர் தும்கூரிலிருந்து நேராக வந்தார். சட்டையில் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. எங்கேயோ அமுக்கி ஒரு பட்டியலைத் திறந்தார். பிரௌசர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"இதை யாரு சார் பிளாக் பண்ணது?"

"நான்தான். எனக்குன்னு பிளாக் பண்ணி வெச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். "சார், பிளாக்னா இங்க தடுக்கறது. பிரௌசர் வெளிய போக விடாதேன்னு நீங்களே சொல்லிட்டிருக்கீங்க. அது பாவம், சொன்னபடி கேட்டிருக்கு." சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குறியை மாற்றினார். பக்கம் திறந்தது.

மூன்று லெட்டர் இருந்தது. முதலாவது வியாழக்கிழமை போட்டது, நீளம். கடைசியில், "எனக்கு வரணும்னுதான் இருக்குது. நீங்க வான்னு ஒரு வார்த்தை எழுதினா போதும், ஃபார்மை கிழிச்சிடறேன்" என்று இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை போட்டது. "பதில் வரல. காலையில இருந்து ஆறு தடவை போன் போட்டேன், எங்கேஜ்டாவே இருக்குது. யாருகிட்ட இவ்ளோ நேரம் பேசறீங்க?" மூன்றாவது அன்று காலை வந்தது. "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். கோவம் இல்ல. வேளைக்கு சாப்பிடுங்க."

"எல்லாம் சரியா வருதா சார்?" என்றார் ரிப்பேர்க்காரர்.

"வருது" என்றேன். அவர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

பிறகு உட்கார்ந்து நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் அடித்தேன். வைரஸ், காவல் சாஃப்ட்வேர், சார்ட்டில் போடுகிற பெருக்கல் குறி, தும்கூர் கல்யாணம், நாளெல்லாம் எங்கேஜ்டாக இருந்த லைன். கடைசியில் அந்த ஒரு வரியையும் அடித்து அனுப்பினேன். சாயங்காலம் அவளிடமிருந்து பதில் வந்தது. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, சரி. வியாழக்கிழமை போன் நல்லாத்தானே இருந்தது. அப்ப ஏன் சொல்லல?"

இன்டர்நெட்டைத் துண்டித்து, ஒயரை மோடத்திலிருந்து கழற்றி போனில் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.