கை நுனியில் நீலம்

அலுவிகாரைப் பக்கம், மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி செய்யும் இடம் ஒன்றில் நான் சாயம் போடுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. வீடு மேலே மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. மழைக்காலத்தில் அங்கே பகலிலும் பனிமூட்டம்தான்.

எங்கள் மகளுக்கு இதயத்தில் ஓட்டை. பிறந்தபோதே சொல்லிவிட்டார்கள். ஒப்பரேஷன் கொழும்பில். எடை கொஞ்சம் ஏறட்டும், கூப்பிடுகிறோம் என்றார்கள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி என் மனைவியிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நகமும் உதடும் நீலமா மாறிச்சின்னா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. தூக்கிட்டு வந்துருங்க. சளி புடிக்காமப் பாத்துக்கங்க."

சளி பிடிக்கக் கூடாது என்றுதான் சுவெட்டர். மாத்தளை டவுன் நடைபாதையில் பழைய உடுப்புகளைக் குவித்து விற்பார்கள். அதில் மனைவி பெரிய வெள்ளைச் சுவெட்டர் ஒன்றை எடுத்து வந்தாள். நல்ல கம்பளி. பிரித்து உருண்டையாகச் சுற்றினாள்.

"கலர் போட்டுத் தாங்க. வெள்ளையா இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

வேலை முடிந்ததும் வாளிகளில் மிஞ்சும் சாயத்தைக் கொட்டிவிடுவோம். அதில் நூலை முக்கினேன். மஞ்சள், சிவப்பு, பச்சை. நீலம்தான் நிறைய மிஞ்சியிருந்தது. துணிக்குப் போடுகிற மாதிரியே உப்பும் சோடாவும் போட்டேன். எங்கள் கைப்பழக்கம் அது. பருத்திக்கு அது சரி. கம்பளிக்குப் புளித்த வினாகிரி விட்டுச் சூடாக்க வேண்டுமாம். பிறகுதான் தெரிந்தது.

மனைவி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சின்னச் சுவெட்டர் பின்னினாள். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இது பாப்பாவுக்கா அக்கா, இல்ல தேருக்கா?"

"ஒன் மூஞ்சிக்கு. போயி வேலையப் பாரு."

அன்று மனைவி சிரித்தாள். சுவெட்டரின் கை நுனி இரண்டையும் நீலத்தில் முடித்தாள்.

பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம். போட்ட அன்றே கையை வாயில் வைத்தது. எச்சில் பட்டுச் சாயம் இறங்கியது. விரல், நகம், உதடு எல்லாம் நீலம். மனைவி கூப்பிட்ட சத்தத்தில் நான் ஓடிவந்தேன். ஈரத்துணியால் துடைத்தோம். போய்விட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

"கழட்டிருவோமா?" என்றேன்.

"குளிருதுங்க. வேற ஒண்ணும் இல்லையே. தொவைக்கத் தொவைக்கப் போயிரும்."

துவைத்தாள். தண்ணீர் நீலமாக ஓடியது. பிள்ளையின் கையிலும் வந்துகொண்டுதான் இருந்தது. நீலம் தெரியும், துடைப்போம், போகும். முதலில் பயந்து துடைத்தோம். பிறகு சும்மா துடைத்தோம்.

ஒரு நாள் காலையில் விடாத மழை. பிள்ளைக்கு லேசாகச் சளி. அழுதுகொண்டிருந்தது, பிறகு நிறுத்திவிட்டது. நான் வேலைக்குக் கிளம்பினேன். மனைவி பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சோப்பும் போட்டிருந்தாள்.

"என்ன புள்ள?"

"சாயம்தாங்க. இன்னிக்கி போக மாட்டேங்குது. உள்ள ஏறிருச்சு போல."

துணியில் நீலம் வந்திருந்தது. நகத்தில் இருந்தது அப்படியே இருந்தது. என் நகங்களும் வருஷக்கணக்காக அப்படித்தான். ஏறினால் போகாது. அதனால் நானும் நம்பினேன். கதவு வரைக்கும் போனேன்.

பிள்ளை எப்போதும் காலை உதைத்துக்கொண்டே இருக்கும். அன்று உதைக்கவில்லை. திரும்பி வந்தேன். போர்வையை விலக்கிக் காலுறையைக் கழற்றினேன். காலில் சாயம் பட வழியில்லை.

கால் நகங்களும் நீலம்.

மனைவியின் கையிலிருந்து துணி விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் திரீவீலரில் போனோம். ஏறும்போது அவர் மனைவி எங்களுக்குக் குடை பிடித்தபடி, "நேத்துகூட கை இப்படித்தானே அண்ணே இருந்துச்சு," என்றாள். வழியில் மண் சரிந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் மனைவி "மூச்சு இருக்கு," என்றாள். ஒரு வளைவில் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அடுத்த வளைவில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி பிள்ளையின் கையைப் பார்த்தார், சுவெட்டரைப் பார்த்தார்.

"இதென்ன, சாயம் எறங்கியிருக்கே?"

நான் காலைத் தூக்கிக் காட்டினேன். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். சுவெட்டரைக் கத்தரியால் வெட்டிக் கழற்றினார்கள்.

சில நாள் வைத்திருந்து பிள்ளையைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் எடை குறைந்துவிட்டது. கொழும்பிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் நீலம் மறுபடியும் வரலாம் என்று டொக்டர் சொன்னார்.

காலையில் வேலைக்குப் போகுமுன் காலுறையைக் கழற்றிப் பார்க்கிறேன். உள்ளே வெளிச்சம் போதாது. வாசலுக்குத் தூக்கி வருகிறேன். மனைவி பிள்ளையின் காலைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.