விளக்குப் போட்ட மாதுளை

இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கனில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்சுவர் தெற்கைப் பார்த்தது. நல்ல வெயிலில் செங்கல்லில் கை வைத்தால் சுடும். அந்தச் சுவரை நம்பித்தான், குளிர் தாங்கும் இனம் என்று அட்டை தொங்கிய மாதுளங்கன்று ஒன்றை வாங்கி வந்தேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற என் கணவர் கன்றை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"உது இஞ்ச காய்க்குமோ? பிளாசாக் கடையளில பெட்டி பெட்டியாக் கிடக்குது."

"காய்க்காட்டி பூவையெண்டாலும் பாப்பம்," என்றேன்.

முதல் பனிக்காலத்துக்குச் சாக்குச் சுற்றி, அடியில் மேப்பிள் சருகு குவித்தேன். அது போதவில்லை. ஏப்ரலில் சாக்கை அவிழ்த்தால் வெறும் விறகுதான் நின்றது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். எங்கும் பச்சை இல்லை.

"பட்டுப்போச்சு. கிண்டிப்போட்டு தக்காளி வைப்பம்," என்றார்.

"ஜூன் வரைக்கும் பொறுங்கோப்பா."

ஜூன் முதலாம் திகதி காலை, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் மண்வெட்டியோடு இறங்கினார். சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மனம் கேட்கவில்லை, ஆனால் தவணை சொன்னது நான்தானே. வெட்டும் சத்தம் வரவேயில்லை.

"இஞ்ச ஓடி வாரும்!"

செத்த தடியின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு சிவப்பாக நாலு துளிர்கள். அவர் முழங்காலில் நின்று அவற்றைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மரம் அவருடையதாகிவிட்டது.

அடுத்த பனிக்காலத்துக்கு முன் வளர்ந்த கொப்புகளை மெல்ல வளைத்து, நிலத்தோடு சாய்த்துக் கட்டி, சருகு கொட்டி, மேலே பலகை போட்டு மூடினார். வசந்தத்தில் திறந்தபோது கொப்புகள் உயிரோடு இருந்தன. ஜூலையில் பூத்தது. முதலில் பூத்தவை எல்லாம் கொட்டுண்டன. குடம்போல அடி பருத்த பூக்கள்தான் காய்க்கும் என்று அவர் எங்கோ வாசித்துவிட்டு, என் மேக்கப் பிரஷை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகத் தடவினார். இரண்டு பிஞ்சு பிடித்தது. ஒன்றை அணில் கொண்டுபோனது.

மிஞ்சிய காய் பழுக்கும் முன்பே, ஒக்டோபரில், உறைபனி வரும் என்று வானிலையில் சொன்னார்கள். அன்று பின்னேரம் அவர் மரத்தைச் சுற்றிப் பழைய கிறிஸ்மஸ் பல்புகளைக் கட்டி, மேலே எங்கள் படுக்கை விரிப்பைப் போர்த்தினார். பழைய பல்புகள் சூடு தரும் என்பது அவர் கணக்கு. விரிப்புக்குள் சிவப்பும் பச்சையுமாக மரம் மின்னியது.

பக்கத்து வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், அதுக்குள்ள கிறிஸ்துமஸா?"

"இல்லைப் பிள்ளை, மாதுளைக்குக் குளிருது!"

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்தோம். மறுநாள் தன் வீட்டிலிருந்து தடித்த கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். இரண்டு கிழமை தினமும் பொழுதுபட மூடி, விடியத் திறந்தோம். பிறகு ஒருநாள் காயின் தோல் வெடிக்கத் தொடங்கியது. அவர் பறித்தார். சாறு பிழியும் தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அவளையும் கூப்பிட்டு, சமையலறை மேசையில் வைத்து வெட்டினோம். முத்துகள் வெளிறிய ரோஸ் நிறம். அவள் வாயில் போட்டதும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"செம புளிப்பு ஆன்ட்டி!"

சொல்லிக்கொண்டே அடுத்த முத்துக்குக் கை நீட்டினாள். அவர் எழுந்துபோய் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து வந்தார். ஒரு முத்துகூட மிஞ்சவில்லை.

கையைக் கழுவிவிட்டு மூவரும் வெளியே இறங்கினோம். அவள் கொப்புகளை வளைத்துப் பிடித்தாள், அவர் கட்டினார், நான் சருகை அள்ளி அள்ளிக் கொட்டினேன்.