பீரங்கி முனிக்கு நட்ட கல்

திருகோணமலைக் கோட்டையையும் பீரங்கிகளையும் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம், அந்த இடத்தின் பெருமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். கொட்டகலையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரை என்றால் என் தலையில்தான் விழும்.

"நான் எழுத மாட்டேன் சேர்."

"ஏன், நீங்கள் பார்த்ததில்லையோ?"

"பார்த்திருக்கிறேன் சேர். அதனால்தான்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பெருமை ஒன்றும் இதில் இல்லை.

என் அப்பா லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் என்று எங்களை எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆக்கினார்கள். இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதி வாங்க வேண்டுமானால் மனுப் போட வேண்டும். உலக யுத்தம் முடிவதற்கு முந்திய இத்தனை வருஷமும் இந்தத் தீவை விட்டு நகரவில்லை என்று காட்ட வேண்டும். அப்பா மனுப் போட்டார். அதைத் தூசி தட்டி எடுத்து விசாரணைக்குக் கூப்பிடப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் நான் எஸ்.எஸ்.ஸி. பாஸாகிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கடிதம் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆகவே நுவரெலியாவுக்கு அப்பாவோடு நானும் போனேன்.

விசாரணை அதிகாரி இங்கிலீஷில்தான் பேசினார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கினார். ஆக்கும்போது மரியாதையை மட்டும் கழித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் உன்னுடைய பேர் தோட்டத்துச் செக்ரோல் பதிவில் இல்லை. இந்தியாவுக்குப் போனாயா?"

"இல்லைங்கய்யா. திருக்கோணமலைக்குப் போனேங்க. சண்டைக் காலத்துல கங்காணி ஆளு சேத்துக்கிட்டுப் போனாருங்க. பீரங்கிக்கு மேடை கட்டுனோங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "இவர்கள் எல்லோருமே எதையோ கட்டியிருக்கிறார்கள்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கவில்லை. எனக்கு விளங்கியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று.

எழுத்தில் ஆதாரம் கொண்டுவர இரண்டு மாதம் தவணை கிடைத்தது. அந்தக் கங்காணி செத்துப் போயிருந்தார். வேலையைக் குத்தகைக்கு எடுத்த ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடற்படைக்காரர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார்.

"அங்க சாமிக் கல்லு ஒண்ணு நட்டோம். அதுல பேரு வெட்டியிருக்கு. வருசமும் இருக்கு. சேவல் உபயம் நாந்தான்."

"இதை ஏன் அந்த ஐயாகிட்ட சொல்லலை?"

"அவுரு சாமியப் பத்திக் கேக்கலையேடா."

எங்கள் ஆட்கள் எந்த வேலைக்குப் போனாலும் அந்த வேலைக்கு ஒரு சாமி வைத்துவிடுவார்கள். கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை. தேயிலை ஸ்டோரில் சுற்றுகிற பெரிய ரோதைக்கு ரோதமுனி. திருகோணமலையில் பீரங்கியை மேட்டுக்கு இழுத்து ஏற்றும்போது வடம் அறுந்து ஓர் ஆள் நசுங்கிச் செத்திருக்கிறான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. வெள்ளைக்காரன் கத்தியிருக்கிறான், தடியைக் காட்டியிருக்கிறான். கல் நட்டுச் சேவல் அறுத்தால்தான் வடத்தைத் தொடுவோம் என்று இவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி நட்டதுதான் பீரங்கி முனி.

தலவாக்கலையில் ரயில் ஏறி, கண்டியில் இறங்கி, பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்காரன் கப்பல்களை எடுத்துக்கொண்டு போய்விட்ட பிறகு அது. ஆனால் அவனுடைய கற்கள் எல்லாம் இருந்தன. கடற்படைக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். எங்கள் துரை பங்களாவில்கூட அப்படிப் புல் வெட்டியதில்லை. குதிரையிலிருந்து விழுந்து செத்த ஒரு கப்பல் துரைக்கு ஆளுயரத் தூண். காய்ச்சலில் செத்த இன்னொருவனுக்குப் பளிங்கில் பத்து வரி: நல்லவன், வல்லவன், மனைவி அழுதாள். ஒரு வரி விடாமல் வாசித்தேன். வடம் அறுந்து செத்தவனின் பெயரை அப்பாவே மறந்துவிட்டிருந்தார்.

மலை உச்சியிலுள்ள சிவன் கோயிலுக்குப் போகும் பாதை கோட்டை வாசலுக்குள்ளேதான் போகிறது. சாமி கும்பிடப் போகிறவர்களோடு நானும் உள்ளே போனேன். மான்கள் நின்றன. எந்த நாட்டுப் பிரஜை என்று அவற்றிடம் ஒருவரும் கேட்கவில்லை. மேட்டில், அப்பா சொன்ன வேப்பமரத்துக்குக் கீழே, அந்தப் பீரங்கி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. கறுப்புச் சாயம் புதிதாக அடித்திருந்தார்கள். இந்தப் பீரங்கியின் எடை இவ்வளவு, குண்டு போகும் தூரம் இவ்வளவு என்று பலகை சொன்னது. அதை மேலே ஏற்றியது யார் என்று சொல்லவில்லை. தானாக நடந்து ஏறியிருக்கும் போலிருக்கிறது.

முனியின் கல்லைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. பீரங்கியைச் சுற்றி அழகுக்காக வெள்ளையடித்த கற்களை வட்டமாகப் பதித்திருந்தார்கள். அதில் ஒன்றாக அதுவும் குந்தியிருந்தது. மேலே சூலம் கீறியிருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது. குனிந்து சுண்ணாம்பை ஆணியால் சுரண்டினேன்.

"மொகத கரன்னே?" பின்னால் துவக்கோடு ஒரு சிப்பாய். என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

சாமிக் கல் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

"தோட்டத்துத் தமிழனா?"

"ஆமாம்."

"இங்கே உன் சாமி ஒன்றும் இல்லை. வெள்ளையடித்தது நான்தான். எல்லாம் வெறும் கல்." கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்களைப் பார்த்ததாலோ என்னவோ, அவன் மணிக்கட்டில் கடிகாரம் இருப்பதுபோலத் தட்டிக் காட்டினான். "சீக்கிரம் செய்துவிட்டு ஓடு."

சுரண்டி முடித்தேன். சூலத்துக்குக் கீழே லிந்துலை என்று இருந்தது. வருஷம் இருந்தது, அப்பா சொன்ன அதே வருஷம். உபயம் என்று இருந்தது. அதற்கு மேலே இருந்த பெயர் அப்பாவுடையதல்ல. என்னுடையது.

சில்லறைக் காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பதுபோல, கொப்பியில் கிழித்த தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். என் பெயர் கொழுகொழுவென்று தாளில் எழுந்தது. கையிலிருந்ததைக் கடலில் எறியலாமா என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் தாளை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது யார் பேர்?"

"எனக்கு வாசிக்கத் தெரியுமாடா? நீதானே சொல்லணும்."

"என் பேர்! மூணு வயசில நான் எங்கே இருந்தேன்? இந்த லயத்தில இருந்தேன். அங்கே வேலை செய்தது நீங்க. உங்க பேர் எங்கே?"

அப்பாவுக்கு என் கோபம் விளங்கவேயில்லை. "புள்ளைக்குக் கக்குவான், பொழைக்காதுன்னு உங்கம்மா யாரையோ வெச்சுக் கடுதாசி எழுதி அனுப்புனா. லீவு கேட்டேன், வெள்ளைக்காரன் குடுக்கல. அப்பத்தான் கல்லு நட்டாங்க. சேவலைப் புள்ள பேருக்கு நேந்துக்கிட்டேன். சாமிக்குக் குடுக்கிறதப் புள்ள பேருலதானே குடுப்பாங்க? எந்தக் கூறுகெட்டவன் தன் பேருக்குக் குடுப்பான்?"

அது உண்மை. எங்கள் மாரியம்மன் கோயில் மணி, விளக்கு, அண்டா எதில் பார்த்தாலும் பிள்ளைகளின் பெயர்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. முன்னெழுத்துக்கூட இல்லை, தகப்பன் யாரென்று காட்ட.

அப்பா தாளில் விரலை வைத்துச் சொன்னார்: "அப்ப, கீழ என் பேர எழுதிக்கயேன். பென்சில் தானே. ஒரு வரி."

"அது பொய்."

"நான் அங்க இருந்தது பொய்யாடா?"

"கல்லில இல்லாததைத் தாளில எழுதினால் பொய்தான்." பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள். நான் அதை ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்.

தவணை நாளில் அந்தத் தாளை மேசையில் வைத்தேன். அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது மனுதாரரின் பெயரா?"

"இல்லை. என் பெயர்" என்று இங்கிலீஷில் நானே சொன்னேன். வழக்கத்தை விளக்கினேன். எனக்கு அப்போது மூன்று வயது, என் பெயரை அங்கே வெட்ட வைக்க அப்பாவைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்று கேட்டேன்.

"உன் மாமன் இருக்கலாம். சித்தப்பன் இருக்கலாம். போன மாதம் நீயே வெட்டியிருக்கலாம்." அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "மனுதாரர் ஏன் தன் பெயரை வெட்டவில்லை என்று கேள்."

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்றார். "புள்ளை பொழைக்கணும்னு நேந்ததுங்கய்யா. பொழைச்சிட்டான். இந்தா நிக்கிறான், பாருங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: "காரணம் ஒன்றும் இல்லை என்கிறார்."

நான் திருத்த வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நிராகரித்த கடிதம் மூன்று வாரத்தில் தோட்டத்து ஆஃபீசுக்கு வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு வருஷ வசிப்புக்குச் சான்று இல்லை என்று எழுதியிருந்தது. அப்பா கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"கல்லுல உன் பேரு நல்லாத் தெரியுதுன்னியே?"

"தெரியுது."

"அப்ப நீயாவது மனுப் போடு. மூணு வயசுலேயே பீரங்கிக்கு மேடை கட்டுனேன்னு சொல்லு. எழுத்துல இருக்குல்ல, நம்புவானுங்க."

சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தாள் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. என் பெயருக்குக் கீழே வெறும் இடம்.

பிள்ளைகள் அடுத்த கிழமை திருகோணமலைக்குப் போகிறார்கள். இரண்டு பக்கத்தை வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பீரங்கியின் எடை சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். சரியாக இருந்தது.